யாழைத் தேடிய கணக்கு ஆசிரியர்



சில வாரங்களுக்கு முன் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு தாய் தம் மகளைக் கையில் பிடித்தபடி எனக்காகக் காத்து நின்றார். பாடசாலையில் அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டுமாம். மகள் சங்கீதம்தான் எடுப்பேன் என்று நிற்கிறாள். லயத்தில் உள்ளவர்களோ சிரிக்கிறார்கள். கொழுந்து பறிக்கிறவள் மகளுக்குக் கர்நாடக சங்கீதம் எதற்கு, அது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதியாக இருப்பவர்கள் பழகுவதல்லவா என்கிறார்கள். சிரிப்பைத் தாங்க முடியாமல் அந்தத் தாய் என்னிடம் வந்திருந்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது, அடுத்த பூசைக்கு மஸ்கெலியாப் பக்கம் போகவேண்டியும் இருந்தது. ஆகவே பிள்ளை படிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். அது போதிய பதில் அல்ல என்பது வழியெல்லாம் மனதை உறுத்தியது. அன்று நின்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன். அது ஒரு மனிதரின் வரலாறு. அவர் பெயரை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முத்திரையிலும் சிலையிலும் பார்த்திருப்பீர்கள். காவி உடையும் கண்ணாடியும் நினைவுக்கு வரும். சுவாமி விபுலாநந்தர்தான் அவர். இராமகிருஷ்ண மிஷன் துறவி ஒருவரின் கதை நமது பத்திரிகையில் ஏன் என்று யாராவது கேட்டால், சற்றுப் பொறுத்துப் படியுங்கள். நம்முடைய குருமாரும் நம்முடைய கல்லூரிகளும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள்.

1892 மார்ச் மாதத்தில், கிழக்கிலங்கையின் காரைதீவில் அவர் பிறந்தார். மயில்வாகனம் என்பது வீட்டார் வழங்கிய பெயர். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. சங்கீத வித்துவான்களின் வீடு அல்ல அது. வயலும் கடலும் சூழ்ந்த ஒரு கிராமத்து வீடு. ஆனால் அந்த ஊரில் கண்ணகி அம்மன் கோவில் உண்டு. ஆண்டுதோறும் சடங்குக் காலத்தில் கண்ணகியின் வழக்குரைப் பாடல்களை அங்கே ராகத்தோடு படிப்பார்கள். படிப்பறிவு இல்லாதவரும் இரவிரவாக இருந்து கேட்பார்கள். கோவலனும் மாதவியும் பாண்டியனும் அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் வருமுன்னே காதில் வந்துவிட்டார்கள். நம்முடைய தோட்டங்களில் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் பிள்ளைகள் எப்படிக் கேட்டு வளர்ந்தார்களோ அப்படித்தான் இதுவும்.

அவர் பிறந்த அதே 1892 இல்தான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளோடு அச்சில் பதிப்பித்தார். ஓலைச்சுவடியில் மறைந்து கிடந்த காவியம் வெளியே வந்த ஆண்டிலேயே, அதன் இசைக்கு விளக்கம் காணப்போகிறவரும் பிறந்தார். இதைத் தற்செயல் என்பவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி.

கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் தொடங்கிய மயில்வாகனம், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். யேசு சபைக் குருமார் நடத்திய கல்லூரி அது. பொனல் அடிகளார் அங்கே கணிதம் கற்பித்தார். சைவப் பிள்ளை ஒருவனின் கணக்குத் திறமையை ஐரோப்பியக் குரு ஒருவர் கண்டுபிடித்து வளர்த்தார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிற்காலத்தில் யாழின் பூட்டைத் திறந்த சாவி அந்தக் கணக்குத்தான். பதினாறாவது வயதில், 1908 இல், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். பின்பு தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

மட்டக்களப்பு வாவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிலவுள்ள இரவில், காற்றடங்கிய நேரத்தில், கல்லடிப் பாலத்தின் பக்கம் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்தால், அடியிலிருந்து மெல்லிய இசை கேட்கும் என்பார்கள். பாடும் மீன் என்று ஊர் பேர் வைத்திருக்கிறது. பிற்காலத்தில், 1954 இல், லாங் அடிகளார் என்ற அமெரிக்க யேசு சபைக் குரு அந்த ஓசையைக் கருவி கொண்டு ஒலிப்பதிவு செய்தார். அதற்கு வெகு முன்பே மயில்வாகனம் அந்தக் கரையில் வாழ்ந்தவர். பலருக்கு அது வேடிக்கை; அவருக்கோ அது ஒரு கேள்வியாயிற்று. தண்ணீருக்குள் இருந்து வருவதை ஏன் காது இசை என்று ஏற்றுக்கொள்கிறது? எந்த ஒலி இசை, எந்த ஒலி வெறும் சத்தம்? நீரர மகளிர் என்ற பெயரில், வாவிக்குள் பாடும் பெண்களைக் கற்பனை செய்து பிற்காலத்தில் இன்னிசைப் பாடல் ஒன்றும் இயற்றினார்.

அவர் ஏறிய படிப்புப் படிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி, விஞ்ஞானத்தில் டிப்ளோமா, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை, அதில் தேறிய முதல் இலங்கையர் அவரே, 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். இடையில் 1917 முதல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். நமது கல்லூரிதான் அது. அங்கிருந்து மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். கைநிறையச் சம்பளமும் ஊர் மதிப்பும் இருந்த அந்த வேளையிலே, 1922 இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார்.

அன்பரே, அவர் துறவறம் பூண்டபின் கலைகளைத் துறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1926 இல் அவருடைய மதங்க சூளாமணி வெளிவந்தது. நாடகக் கலை பற்றிய நூல் அது. சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்து, பழந்தமிழ் நாடக மரபோடு வைத்துப் பார்த்தார். இலங்கை திரும்பியபின் மிஷன் பாடசாலைகளை நடத்தினார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். பகலில் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிவிட்டு, மாலையில் பக்கத்திலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குப் போய், பள்ளிக்கூட வாசலையே மிதியாத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பேராசிரியர் சேரிக்குள் நுழைவது சாதாரணமான காரியமா? முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் போய்க்கொண்டேயிருந்தார். சங்கீதம் யாருக்கு உரியது என்று லயத்தில் சிரித்தவர்களின் கேள்விக்கு, இந்த மாலை நடையிலேயே பாதிப் பதில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இப்போது யாழுக்கு வருவோம்.

வீணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே தந்தியின்மேல் விரலை வெவ்வேறு இடத்தில் அழுத்த, வெவ்வேறு சுரம் பிறக்கும். யாழ் அப்படியன்று. வில்லைப் போல் வளைந்த தண்டு. அதில் நீளம் குறைந்து குறைந்து செல்லும் நரம்புகள். ஒரு நரம்புக்கு ஓர் இசைதான். வேடனின் வில்நாண் எழுப்பிய ஓசையிலிருந்தே அது பிறந்தது என்று கொள்வார்கள். பழந்தமிழ் நாட்டில் யாழைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனவர்கள் பாணர்கள். பசியோடு நடந்து, ஒரு வள்ளலின் வாசலில் பாடி, ஒரு வேளைச் சோறு பெற்ற மக்கள். யாழ் என்றதும் அரண்மனையை நினைத்துக்கொள்கிறோம். அது வழிநடைக்காரரின் கருவியுமாகும்.

அந்த யாழ் எப்படியோ வழக்கொழிந்து போயிற்று. பெயர் மட்டும் நூல்களில் மிஞ்சியது. நகரத்தின் பெயரில் மிஞ்சியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடவரும் இடத்தில், யாழாசிரியன் தன் நரம்புகளை எப்படிக் கூட்டினான் என்று இளங்கோவடிகள் சில அடிகளில் சொல்லிச் செல்கிறார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகாரர் அடியார்க்குநல்லார் கணக்குத் தருகிறார். ஆனால் எந்த நரம்பை எந்த அளவில் கட்டுவது? எந்த இசை எங்கே நிற்கும்? புலவர்களுக்குச் சொற்களின் பொருள் தெரியும், இசை தெரியாது. பாடகர்களுக்கு இசை தெரியும், அந்தப் பழஞ்சொற்கள் தெரியா. இரண்டு கூட்டத்தாருக்கும் நடுவில் அந்தப் பகுதி பூட்டியபடியே கிடந்தது.

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் என்ற கிறிஸ்தவ மருத்துவர் இந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார். 1917 இல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலை வெளியிட்டு, ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி உண்டு என்று வாதித்தார். விபுலாநந்தர் அவருக்குப் பின் வந்தவர். 22 என்ற கணக்கைக் கொண்டவர். இந்தச் சண்டையில் நமக்கு வேலையில்லை. ஆனால் மருத்துவர் ஒருவரும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் தமிழிசையின் பழைய கணக்கைத் தேடிப் புறப்பட்டார்கள் என்பதை மறவாதிருங்கள். இருவரும் பரம்பரைச் சங்கீதக்காரர் அல்லர்.

விபுலாநந்தர் செய்தது என்ன? அதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கதவு நிலையிலோ ஒரு பலகையிலோ இரண்டு ஆணி அடித்து, மெல்லிய கம்பியொன்றை இறுகக் கட்டுங்கள். விரலால் சுண்டினால் ஓர் ஓசை. அது ச என்று வைத்துக்கொள்ளுங்கள்; பழந்தமிழர் அதைக் குரல் என்றார்கள். கம்பியின் சரிபாதியில் ஒரு சிறு கட்டையைச் செருகிப் பாதியைச் சுண்டுங்கள். அதே குரல், ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கவிட்டால் ப கேட்கும், அது இளி. நான்கில் மூன்று பங்கானால் ம, அது உழை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும் இப்படி அளவு பிசகாமல் வந்து நிற்கும். பாடசாலையில் பின்னம் படித்த பிள்ளைக்கு இது விளங்கும். கணக்கு வாத்தியாரைக் கண்டு பயந்த பிள்ளைக்கும், கம்பி ஒலிக்கும்போது விளங்கும்.

இந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உரைகாரர்களின் சொற்களைத் திரும்பப் படித்தார். சாதகக் கட்டம் போலப் பன்னிரண்டு வீடுகளை வரைந்து, ஏழு இசைகளையும் அவற்றில் நிறுத்தி, எந்த வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் எந்தப் பாலை பிறக்கும் என்று பழைய ஆசிரியர்கள் காட்டியிருந்தார்கள். (சாதகம் பார்க்கக் கூடாது என்று பிரசங்கத்தில் சொல்லும் நான், இந்தக் கட்டத்தை மட்டும் ஆசையோடு பார்த்தேன்.) தொடங்கும் இடத்தை மாற்ற, அதே ஏழு இசையும் வேறொரு பண்ணாகிவிடும். இன்றைய சங்கீத ஆசிரியர்கள் கிரகபேதம் என்று கற்பிப்பது இதைத்தான். விபுலாநந்தர் ஒவ்வொரு பண்ணாக, ஒவ்வொரு நரம்பாகக் கணக்கிட்டுச் சென்றார். ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் சென்றன. இதற்கிடையே இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார்.

வாசகரே, இனிச் சொல்வது நம் வீட்டுக்குப் பக்கத்துக் கதை. உடல் நலிந்து வந்த அந்தக் காலத்தில், குளிர்ச்சியான இடத்தை நாடி மலைநாட்டுக்கு வந்த சுவாமி, ரொசல்லையில் தங்கி யாழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வரும்போது வட்டவளையைத் தாண்டி, அட்டனுக்கு முன்னே வரும் அதே சிறிய நிலையந்தான். அட்டன் இறங்கி, டிக்கோயா வழியாக நோர்வூட் வரும் நீங்கள் எத்தனை முறை ஜன்னலோரம் தூங்கியபடி அதைக் கடந்திருப்பீர்கள்! இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கருவியின் நரம்புகள் அங்கே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில், ஒரு நோயாளித் துறவியின் தாளில் மறுபடி கூட்டப்பட்டன.

அந்த இடம் பொருத்தமானது என்று எனக்கு ஓர் எண்ணம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவற்றை எண்ணும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு, பறையையும் யாழையும் சேர்த்தே சொல்லுகிறார். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சிக்கு ஒரு யாழ் உண்டு. தொண்டகப் பறை என்று ஒரு பறையும் உண்டு. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பறை தாழ்ந்தது, யாழ் உயர்ந்தது என்ற பேச்சு அங்கே கிடையாது.

நம் தோட்டங்களில் என்ன நடந்தது? விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டியது தப்பு. காமன் கூத்துக்கும் தப்பு; கலியாணத்துக்கும் சாவுக்கும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. போர்வையை விலக்காமலே, இன்று என்ன செய்தி என்று அடியைக் கேட்டுச் சொல்லிவிடுகிற கிழவர்கள் இருந்தார்கள். தாளத்தைக் காதால் படிக்கத் தெரிந்த மக்கள் அவர்கள். ஆனால் அதை அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்தக் கருவியைக் கோவிலுக்குள் எடுக்கத் தயங்கினோம். நாமும் தயங்கினோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆர்மோனியமும் கித்தாரும் பீடத்துக்குப் பக்கத்தில் வந்து வெகுகாலத்துக்குப் பிறகும், தப்பு சில கோவில்களின் படிக்கட்டிலேயே நின்றது.

1947 ஜூன் 5, 6 ஆகிய நாட்களில், தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதைப் பதிப்பித்தது. நூலில் சொன்ன அளவுப்படி செய்த யாழ்களை ஊர்வலமாகக் கொண்டுவந்து அங்கே வாசித்தும் காட்டினார்கள். தளர்ந்த உடலோடு கடல் கடந்து போயிருந்த சுவாமி, தாம் தாளில் கணக்கிட்ட ஓசையைக் காதால் கேட்டார். கணக்குச் சரியா என்று பார்க்கும் ஆசிரியரின் காது அது. மட்டக்களப்பு வாவியில் பழகிய காதும் அதுவே. அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆறு வாரங்களே கழிந்தன. 1947 ஜூலை 19, சனிக்கிழமை இரவு, கொழும்பில் அவர் உயிர் பிரிந்தது. வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்று, தாம் கட்டிய கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவில், ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். பாடும் மீன் வாவி அங்கிருந்து தூரமில்லை.

போன ஞாயிறு அந்தத் தாயையும் மகளையும் மறுபடி கண்டேன். இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். தாய் பேசவில்லை. மகள்தான் கேட்டாள், அந்த யாழை இப்போது எங்கே போய்க் கேட்கலாம் என்று. சென்னையில் இளைஞர் ஒருவர் அண்மைக் காலத்தில் பழைய நூல்களைப் பார்த்து யாழை மறுபடி மரத்தில் செதுக்கி, நரம்பு கட்டி, வாசிக்கவும் செய்திருக்கிறார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவள் தாயின் கையடக்கத் தொலைபேசியை வாங்கித் தேடத் தொடங்கிவிட்டாள். நோர்வூட்டில் அன்று சிக்னல் சரியாக இல்லை. கோவில் மணிக்கூண்டுப் பக்கம் மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும் என்று சொன்னேன். ஓடிப் போனாள். தாயும் நானும் கீழே நின்று காத்திருந்தோம்.